பாப்பா தூங்குது

பிப்ரவரி 3

ஐயா,

தம்பி என்று எழுதத்தான் கை போனது. அதை அடித்துவிட்டு ஐயா என்று போட்டிருக்கிறேன். அடித்தது தெரியும், பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். எழுத்து கோணலாகத்தான் இருக்கும். மகளை எழுதச் சொல்லவில்லை. இந்தக் கடிதம் அவளுக்குத் தெரியக் கூடாது. போனில் கேட்டிருக்கலாம். ஆனால் போனில் நான் அழுதுவிடுவேன், நீங்களும் "அழாதீங்க அண்ணி, அழாதீங்க அண்ணி" என்று சொல்லியே தப்பித்துவிடுவீர்கள்.

பெயின்ட் கிடங்கு தீயை அணைக்கப் போன என் வீட்டுக்காரர் திரும்பி வராமல் எட்டு மாதம் ஆகிறது. நேற்றுதான் உங்கள் தீயணைப்பு ஆபீசிலிருந்து அறிக்கை வந்தது. பதினோரு பக்கம். தீயணைப்புப் பயிற்சியிலிருந்து லீவில் வந்த மகள் வாசித்தாள். ஏழாம் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்லம்மா. கொஞ்சம் தண்ணி கொண்டாயேன்."

நான் தண்ணீர் எடுத்து வருவதற்குள் எட்டாம் பக்கத்துக்குப் போய்விட்டாள். நான் பெற்ற பிள்ளை, எனக்கா தெரியாது? அவள் தூங்கின பிறகு எழுத்துக் கூட்டி நானே வாசித்தேன்.

"வெளியே வரும்படி இரண்டு முறை உத்தரவு தரப்பட்டது. கேட்டதாக அவர் இரண்டு முறையும் பதில் தந்தார். இருந்தும் வெளியேறவில்லை. உத்தரவை மீறியதே மரணத்துக்குக் காரணம்."

பதில் தந்தார் என்று சொன்னது நீங்கள். அன்று கிடங்கு வாசலில் ஆள்கணக்குப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றது நீங்கள். அதைப் பிடித்துப் பிடித்தே உங்களுக்குப் பலகை என்று பேரும் வந்தது. பதினேழு வருடம் என் வீட்டில் சாப்பிட்டீர்கள். அவரைத் தூக்கிக்கொண்டு வந்த அன்று மட்டும் உங்களைக் காணவில்லை. அதற்குப் பிறகும் காணவில்லை. மாற்றல் வாங்கிக்கொண்டு எட்டு மணி நேரத் தூரத்துக்குப் போய்விட்டீர்கள்.

மார்ச் பத்தாம் தேதி மறுவிசாரணையாம். சொல்ல இருப்பவர்கள் அன்று வந்து சொல்லலாமாம். அதோடு ஃபைலை மூடிவிடுவார்களாம். பதினாறாம் தேதி என் மகள் அதே ஸ்டேஷனில் வேலைக்குச் சேர்கிறாள். சொன்ன பேச்சைக் கேட்காமல் செத்தவன் மகள் என்ற பெயரோடு சேர வேண்டுமா?

அவர் என்ன சொல்லிப் பதில் தந்தார்? அந்த வார்த்தையை எழுதி அனுப்புங்கள். வேறெதுவும் வேண்டாம்.

இறந்தவர் மனைவி


பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

நடந்ததை அதிகாரிகளிடம் சொல்லிவிட்டேன். உள்ளே போகிறவர்கள் தங்கள் பெயர் வில்லையை என்னிடம் கொடுப்பார்கள். நான் அதைப் பலகையில் மாட்டி, நேரத்தையும் சிலிண்டரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்பதையும் குறிப்பேன். வெளியே வந்ததும் வில்லையைத் திருப்பிக் கொடுப்பேன். அன்று மூன்று பேர் உள்ளே போனார்கள். கூரை ஆடுவதைப் பார்த்து வாக்கி டாக்கியில் வெளியே வரச் சொன்னேன். பதில் வந்தது. இரண்டு பேர் வந்தார்கள்.

என்ன வார்த்தை என்று இப்போது நினைவில்லை. அந்த நேரத்துச் சத்தத்தில் எல்லாம் குழம்பிக் கிடக்கிறது. அண்ணன் போன பிறகு இதைக் கிளறி என்ன ஆகப்போகிறது? பாப்பா வேலைக்குச் சேர்ந்தால் எல்லாம் மெதுவாக மறந்துபோகும்.

தங்கள்,
பலகை


பிப்ரவரி 13

ஐயா,

நினைவில்லையா? மகள் சடங்குக்கு யார் என்ன சட்டை போட்டு வந்தார்கள் என்று சொல்லிச் சிரிக்க வைக்கிறவர் நீங்கள். பத்து வருடத்துக்கு முன் சீட்டாட்டத்தில் யார் கள்ளத்தனம் பண்ணியது என்று இன்னமும் சண்டை போடுகிறவர். அவர் பேசின கடைசி வார்த்தை மட்டும் நினைவில்லை. நம்பிவிட்டேன், போங்கள்.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை.

அன்று காலையில் எனக்கும் அவருக்கும் பேச்சு இல்லை. மகள் தீயணைப்பு வேலைக்கு மனுப் போட்டிருந்தாள், அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டே நின்றேன். கிளம்பும்போது நிலைப்படியில் இரண்டு தட்டு தட்டினார். போய் வருகிறேன் என்று அதற்கு அர்த்தம். "வாயைத் திறந்து சொன்னா முத்து கொட்டிடுமோ?" என்று பாத்திரத்தைப் பார்த்துச் சொன்னேன். அவருக்குக் கேட்டதோ என்னவோ. செருப்புச் சத்தம் மட்டும் போனது.

இவ்வளவுதான் என்னிடம் இருப்பது. இரண்டு தட்டு. இருபத்து மூன்று வருடம் சேர்ந்து இருந்ததற்கு.

உங்களிடம் அவருடைய வார்த்தை ஒன்று இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு இல்லை என்கிறீர்கள். அறிக்கையில் அவர் பெயர் கெட்டது ஒரு பக்கம். இது எனக்காகக் கேட்கிறேன். "வரேன்" என்றாரா? "சரி" என்றாரா? கெட்ட வார்த்தையாக இருந்தாலும் எழுதுங்கள். அவர் கோபத்தில் என்ன திட்டுவார் என்று எனக்குத் தெரியாதா?

இதற்கும் பதில் வராவிட்டால் பத்தாம் தேதி எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று கேட்பேன்.


பிப்ரவரி 20

அண்ணி,

நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிடப் போகிறேன்.

வார்த்தை இல்லை அண்ணி. அண்ணன் எதுவும் பேசவில்லை. அதனால்தான் என்னால் எழுத முடியவில்லை.

முகமூடி போட்டுக்கொண்டு வாக்கியில் பேசினால் குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி இருக்கும். ஒன்றும் விளங்காது. விதிப்படி, கூப்பிட்டால் தன் எண்ணையும் நிற்கிற இடத்தையும் மிச்சமிருக்கும் காற்றையும் வாயால் சொல்ல வேண்டும். எங்கள் ஸ்டேஷனில் யாரும் சொல்வதில்லை. வாக்கியில் பேசுகிற பொத்தானை இரண்டு தடவை அமுக்குவோம். இந்தப் பக்கம் கிளிக், கிளிக் என்று கேட்கும். நன்றாக இருக்கிறேன், கேட்டுவிட்டது என்று அர்த்தம். எங்களுக்குள் அதற்கு ஒரு பெயர் உண்டு. "பாப்பா தூங்குது." புதிதாக வருகிறவனிடம் "ரொம்பப் பேசாதடா, பாப்பா தூங்குது" என்போம். அண்ணன் ஆரம்பித்த பழக்கம். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால் சிரிப்பார்.

அன்று நான் கத்தினேன். "கூரை ஆடுது, எல்லாரும் வெளிய வாங்க, கேட்டுச்சா?" கிளிக் கிளிக் வந்தது. மறுபடியும் கூப்பிட்டேன். மறுபடியும் கிளிக் கிளிக். அண்ணன்தான் என்று நினைத்தேன். மற்ற இரண்டு பேரும் முன் வாசல் வழியாக வந்துகொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்தேன். அண்ணனும் பின்னாலேயே வருகிறார் என்று இருந்துவிட்டேன்.

இனிமேல் எழுதப் போவதுதான் என்னைத் தின்கிறது. யாருக்காவது ஏதாவது ஆனால் உள்ளே பாய்வதற்கென்றே இரண்டு பேர் சிலிண்டரை மாட்டிக்கொண்டு வாசலில் தயாராக நிற்பார்கள். அன்றும் நின்றார்கள். "போகட்டுமா?" என்று கேட்டார்கள். "வேணாம், பதில் வந்துடுச்சு, வர்றாரு" என்றேன். நான்கு நிமிடம் நிறுத்தி வைத்தேன். நான்காவது நிமிடத்தில் கூரை இறங்கியது.

பலகையில் ஒரு வில்லை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

பதில் வந்தது என்று அதிகாரியிடம் சொன்னேன். அவர் "பதில் தந்தார்" என்று எழுதிக்கொண்டார். அது பொத்தான் சத்தம்தான் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் மொத்த ஸ்டேஷனும் மாட்டும், முதலில் நான் மாட்டுவேன். அண்ணன் மேல் பழி விழும் என்று அப்போது தோன்றவில்லை. தோன்றின பிறகும் வாயை மூடிக்கொண்டேன். அதனால்தான் உங்கள் வீட்டு வாசலை மிதிக்க முடியவில்லை.

பலகை


பிப்ரவரி 24

தம்பி,

இந்தத் தடவை அடிக்கவில்லை. உங்கள் மேல் கோபம் இல்லாமல் இல்லை. இருக்கிறது. அது கிடக்கட்டும், முதலில் இதைப் படியுங்கள்.

அந்தப் பழக்கத்தை ஆரம்பித்தது அவர் இல்லை. நான்.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது எங்களுக்கு ஒற்றை அறை வீடு. பிள்ளை தூங்குவதே அபூர்வம். அவர் டியூட்டி முடிந்து வந்து, "நான் வந்துட்டேன்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்வார், அது வீல் என்று எழுந்துகொள்ளும். ஒருநாள் எனக்கு அழுகையே வந்துவிட்டது. "பாப்பா தூங்குது, வாயைத் திறக்காத. வந்தா ரெண்டு தட்டு தட்டு, எனக்குப் புரியும்" என்றேன். அன்றிலிருந்து வந்தால் தட்டு, போனால் தட்டு, சோறு போதுமென்றால் தட்டில் தட்டு. பிள்ளை வளர்ந்து பள்ளிக்கூடம் போன பிறகும் விடவில்லை. ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுபோவார் என்று நான் கண்டேனா?

உங்கள் கடிதத்தில் "பாப்பா தூங்குது" என்று பார்த்ததும் அடுப்பை மறந்துவிட்டேன். சமையல் அப்படியே தீய்ந்துபோனது.

இன்னொன்று கேளுங்கள். மகள் நேற்று திரும்பவும் லீவில் வந்தாள். சாப்பிட உட்கார்ந்தவளிடம் இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று கேட்டேன். தட்டின் ஓரத்தில் இரண்டு தட்டு தட்டினாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

"யாருடி சொல்லிக் கொடுத்தது?"

"அப்பா பண்றதுதானேம்மா. எங்க பயிற்சியிலகூட எல்லாரும் வாக்கில இப்படித்தான். பாப்பா தூங்குதுன்னு சொல்லுவாங்க. செம காமெடி."

எந்தப் பாப்பா என்று அவளுக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

இப்போது முக்கியமானது. அவருடைய தட்டு எனக்குத் தெரியும், நன்றாகத் தெரியும். முதல் தட்டு தட்டுவார். பிள்ளை அசைகிறதா என்று நின்று பார்ப்பார். அசையவில்லை என்றால்தான் இரண்டாவது தட்டு. நடுவில் ஒரு மூச்சு விடுகிற நேரம் இருக்கும். இருபத்திரண்டு வருடமும் அப்படித்தான். எங்கே தட்டினாலும், எவ்வளவு அவசரமானாலும் அப்படித்தான். கடைசி நாள் நிலைப்படியிலும் அப்படித்தான்.

நீங்கள் கேட்ட கிளிக் எப்படி இருந்தது? சேர்ந்தாற்போல வந்ததா, நடுவில் இடைவெளி விட்டு வந்ததா? வாக்கியில் பேசுவதெல்லாம் கன்ட்ரோல் ரூமில் பதிவாகும் என்று அவர் சொல்லியிருக்கிறார். நினைவை நம்பி எழுதாதீர்கள், போய்க் கேளுங்கள். பத்தாம் தேதிக்கு இன்னும் பதினான்கு நாள்தான்.

அண்ணி


மார்ச் 1

அண்ணி,

லீவு போட்டுப் போய் வந்தேன். கன்ட்ரோல் ரூம் அம்மா முதலில் மறுத்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டுப் போட்டுக் காட்டினார். பதினேழு முறை கேட்டேன். அந்த அம்மா வெளியே போய் நின்றுகொண்டார்.

இடைவெளி இல்லை. முதல் தடவையும் இல்லை, இரண்டாவது தடவையும் இல்லை. சேர்ந்தாற்போலத்தான் வந்தது.

உடனே ஊமையைத் தேடிப் போனேன். உங்களுக்குத் தெரியுமே, வாய் ஓயாமல் பேசுவதால் ஊமை என்று பெயர் வைத்தோமே, அவன். அன்று உள்ளே போன மூன்று பேரில் அவனும் ஒருத்தன். "வெளிய வாங்கன்னு நான் கூப்பிட்டப்போ கிளிக் பண்ணது யாருடா?" என்றேன். முகம் வெளுத்துவிட்டது. "நான்தாண்ணே. என்னைத்தான் கூப்பிடறீங்கன்னு நினைச்சேன். நான்தான் வந்துட்டேனே, அதான் யாரும் கேக்கல." இரண்டு தடவையும் அவன்தான். வாசல் வரைக்கும் நடந்து வந்துகொண்டே அமுக்கியிருக்கிறான். அதைத்தான் நான் அண்ணன் என்று எடுத்துக்கொண்டேன். பேர் சொல்லிக் கூப்பிடவும் இல்லை, யார் பதில் சொல்கிறார்கள் என்று கேட்கவும் இல்லை. அவனும் பத்தாம் தேதி வந்து சொல்கிறேன் என்றான். அழுதான்.

அண்ணி, இன்னொன்று இருக்கிறது. எழுதுவதா வேண்டாமா என்று பஸ்ஸில் எட்டு மணி நேரமும் யோசித்துக்கொண்டே வந்தேன். மூன்றாவது நிமிடத்தில், நான் வண்டிக்காரரிடம் தண்ணீரைக் கூட்டச் சொல்லிக் கத்திக்கொண்டிருக்கிறேன். என் குரலுக்கு அடியில் ஒரே ஒரு கிளிக் கேட்கிறது. ஒன்றுதான். இரண்டாவது வரவில்லை. அது அண்ணனாக இருக்கலாம். வாக்கி சூட்டில் வெடித்த சத்தமாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை.

பஸ் உங்கள் தெரு முனையில் நின்றது. இறங்கவில்லை. மன்னித்துவிடுங்கள்.

பலகை


மார்ச் 4

தம்பி,

அந்த ஒற்றைச் சத்தத்தைப் படித்ததிலிருந்து எதை எடுத்தாலும் தப்புத் தப்பாகச் செய்கிறேன். வேலை செய்கிற இடத்தில்கூட என்னம்மா என்று கேட்டார்கள். தட்டிவிட்டு நின்று பார்த்திருக்கிறாரா, பிள்ளை அசைகிறதா என்று? அப்படியே நின்றுவிட்டாரா? எனக்குள் இது ஓடிக்கொண்டே இருக்கிறது, நிறுத்த முடியவில்லை.

ஆனாலும் சொல்கிறேன், அதைப் பற்றி விசாரணையில் அர்த்தம் எதுவும் சொல்லாதீர்கள். ஒரு சத்தம் கேட்டது, என்னவென்று தெரியாது என்று மட்டும் சொல்லுங்கள். சத்தத்துக்கு நாமாக ஒரு அர்த்தம் வைத்துக்கொண்டுதான் இவ்வளவும் நடந்தது. நானும் இப்போது அதையே செய்தால் எனக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?

மற்றதையெல்லாம் மறைக்காமல் சொல்லுங்கள். முக்கியமாக, அந்த இரண்டு பேரை நிறுத்தி வைத்ததைச் சொல்லுங்கள். வேலை போகும் என்று பயம் இருக்கும். இருக்கட்டும். எனக்கும் ஒரு பயம் இருக்கிறது. நானும் வந்து, இது எங்கள் வீட்டில் ஆரம்பித்தது என்று சொல்லப் போகிறேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். தான் தூங்குவதற்காக ஆரம்பித்த பழக்கம் அப்பாவை எடுத்துக்கொண்டது என்று அவள் கேட்கப் போகிறாள். பெற்ற தாய் வாயாலேயே.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று நேற்று முழுக்கப் பார்த்தேன். பதினாறாம் தேதி அவளும் ஒரு வாக்கியை இடுப்பில் மாட்டிக்கொண்டு போவாள். யாராவது கூப்பிடுவார்கள். அவளும் இரண்டு அமுக்கு அமுக்குவாள், செம காமெடி என்று. சொல்லாமல் எப்படி இருப்பது?

அண்ணி


மார்ச் 15

அண்ணி,

விசாரணை முடிந்து உங்களிடம் பேச வந்தேன். நீங்கள் பாப்பாவை அழைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டீர்கள்.

எனக்கு ஆறு மாதம் சஸ்பெண்ட். எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் முதுகிலிருந்து சிலிண்டரைக் கழற்றி வைத்த மாதிரி இருந்தது. அதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. திருத்திய அறிக்கை உங்களுக்கும் வந்திருக்கும்.

இனி இந்த ஊரில் எனக்கு வேலை இல்லை. இந்த மாதக் கடைசியில் அந்தப் பக்கம் வருகிறேன். வீட்டுக்கு வரலாமா? வேண்டாம் என்றாலும் புரிந்துகொள்வேன்.

பலகை


மார்ச் 24

தம்பி,

அறிக்கை வந்தது. உத்தரவை மீறினார் என்ற வரி இப்போது இல்லை. அந்த இடத்தில், "அவரிடமிருந்து பதில் எதுவும் பெறப்படவில்லை. அது கவனிக்கப்படவில்லை" என்று இருக்கிறது. படிக்கச் சுகமான வரி இல்லை. உண்மையான வரி. அவர் போட்டோவுக்குப் பின்னால் மடித்து வைத்திருக்கிறேன்.

அன்று நீங்கள் தலையைக் குனிந்தபடியே இருந்தீர்கள், அதனால் பார்த்திருக்க மாட்டீர்கள். பெரிய அதிகாரி என்னைப் பார்த்து, "நீங்க என்னம்மா சொல்லப் போறீங்க? நீங்க அங்க இல்லையே" என்றார். "அங்க இல்லைங்க, ஆனா அவரு எப்படித் தட்டுவாருன்னு எனக்குத்தான் தெரியும்" என்று சொல்லி, அவர் மேசையில் தட்டிக் காட்டினேன். ஒன்று. நின்றேன். இன்னொன்று. பிறகு பதிவைப் போட்டார்கள். கிளிக் கிளிக் என்று வந்து போனது. திரும்பிப் பார்த்தால் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"அம்மா, நான் தூங்கணும்னா?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் பயந்தேன். ஆனால் பதில் தானாக வந்தது.

"நீ தூங்கினது தப்பில்லடி. நீ எழுந்து பள்ளிக்கூடம், காலேஜ்னு போனதுக்கு அப்புறமும் நாங்க ரெண்டு பேரும் வாயைத் திறக்காம தட்டிக்கிட்டே இருந்தோம் பாரு, அதுதான் தப்பு."

அப்புறம்தான் அழுதாள். ஒன்பது மாதத்துக்கும் சேர்த்து அழுதாள். நானும்.

வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. ஸ்டேஷனில் புது உத்தரவு. கூப்பிடுகிறவர் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பதில் சொல்கிறவர் தன் பேர், இடம், காற்று மூன்றையும் வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வெளியே நிற்கிற இரண்டு பேரும் கேட்காமலே உள்ளே போய்விட வேண்டும். பொத்தானை அமுக்கினால் அது பதில் இல்லை. ஊமைதான் எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்கிறானாம். இப்போதுதான் அவன் வாய்க்குச் சரியான வேலை கிடைத்தது என்று மகள் சிரிக்கிறாள்.

வீட்டிலும் இப்போது ஒரே சத்தம். டியூட்டி முடிந்து வந்தால் தெருவிலிருந்தே "அம்மா, நான்தான், வாசல்ல நிக்கறேன், பசிக்குது" என்று கத்துகிறாள். பக்கத்து வீட்டுக்காரி, உன் மகளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறாள். ஒன்றும் ஆகவில்லை, அதைத்தான் சொல்கிறாள் என்றேன்.

தீயணைப்பு வண்டிச் சத்தம் கேட்டால் இன்னும் வாசலுக்கு ஓடத்தான் செய்கிறேன். அது போகாது.

நீங்கள் வரலாம். கோபம் முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். வந்து சாப்பிடுங்கள், சாப்பிடும்போது திட்டுகிறேன்.

ஆனால் கதவைத் தட்டாதீர்கள். தட்டினால் திறக்க மாட்டேன், என்னால் முடியாது. வாசலில் நின்று, வந்திருப்பது யார் என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். உள்ளே இருந்து நான் பதில் சொல்கிறேன்.

அண்ணி